சோழி இல்லாத பல்லாங்குழி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் போகிறவர்கள் முட்டுக்காட்டில் இறங்குகிறார்கள் என்றால், பெரும்பாலும் படகு சவாரிக்காகத்தான். காயலில் ஒரு சுற்று, கரையில் ஒரு பொட்டலம் சுண்டல், "இன்னும் ஒரே ஒரு தரம்!" என்று அடம்பிடிக்கும் குழந்தையின் முதுகில் ஒரு செல்லத் தட்டு. அத்துடன் முட்டுக்காடு முடிந்துவிடும்!

ஆனால் அதே முட்டுக்காட்டில் நிதானமாகப் பார்க்கவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. தட்சிணசித்ரா என்று பெயர். மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன் என்ற அமைப்பார் நிறுவி, 1996 டிசம்பர் 14-ஆம் தேதி மக்களுக்குத் திறந்துவிட்ட காட்சிசாலை. அங்கே வைத்திருக்கும் காட்சிப் பொருள் என்ன தெரியுமா? வீடுகள்! செட்டிநாட்டு வணிகர் வீடு, கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு, கர்நாடகத்து நெசவாளர் வீடு என்று தென்னாட்டு வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் பல, சொந்த ஊரில் இடித்துத் தள்ளப்பட இருந்த நிஜமான பழைய வீடுகள். அவற்றைப் பக்குவமாகப் பிரித்து, வண்டியேற்றிக் கொண்டுவந்து, மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள்.

குடித்தனம் மாற்றிய அனுபவமுள்ள சகோதரிகளுக்கு இதன் அருமை சட்டென்று விளங்கும். சாமான்களை மாற்றினாலே குக்கர் வந்து சேரும், அதன் வெயிட் வந்து சேராது. வீட்டையே மாற்றுவதென்றால்? கதவு வந்து தாழ்ப்பாள் வராவிட்டால் என்ன செய்வது? தூண் வந்து அதன் அடிக்கல் வராவிட்டால் எங்கே நிறுத்துவது? மரமும் ஓடும் வந்தால் மட்டும் போதாது. அந்தந்த ஊர்க் கட்டுமானம் தெரிந்த தச்சரும் கொத்தரும் கூடவே வேண்டும். வீடு அதன் ஊரில் நின்றபோது எதையெல்லாம் நம்பி நின்றதோ, அதையெல்லாம் கணக்கெடுத்தால்தான் வேற்றூரில் நிற்கும்.

"இந்த வாரம் வீடு கட்டுகிற கதையா?" என்று கேட்காதீர்கள். சொல்ல வந்தது, உங்கள் வீட்டுக் குழந்தைகள் செய்யும் கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி!

'விளையாடும்' என்று எழுதவில்லை, 'செய்யும்' என்றுதான் எழுதியிருக்கிறேன். விடுமுறை நாளில் பிள்ளையோ பெண்ணோ கம்ப்யூட்டர் முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தால், பொழுதை வீணாக்குவதாகவே நாம் முடிவு கட்டிவிடுகிறோம். தமிழ்நாட்டுப் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயன்ஸ் பாடத்திலேயே பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி இருக்கிறது. அதைக் கற்ற குழந்தைகளில் சிலர், பரீட்சைக்கு வேண்டியதோடு நிற்காமல், தாமே ஒரு விளையாட்டைச் செய்து பார்க்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படித்தான் நடந்தது. பெயர் வேண்டாம். பிளஸ் டூ முடித்த பெண். பாட்டி ஆடுகிற பல்லாங்குழியை அப்படியே கம்ப்யூட்டரில் கொண்டுவந்துவிட்டாள். இரண்டு வரிசையில் ஏழேழு, ஆகப் பதினாலு குழி. சோழிகளைத் தானே கோலப்பொடியில் வரைந்து படமெடுத்திருந்தாள். ஒவ்வொரு குழியும் காலியாகும்போது, "போச்சுடி!" என்று பாட்டியின் குரலே கேட்கும்! வீடே கூடி விளையாடியது. பெங்களூரில் இருக்கும் பெரியம்மா பிள்ளைக்கு அன்று இரவே அனுப்பினாள்.

மறுநாள் பதில் வந்தது: "திறக்கவே இல்லை. என்னவோ பிரமாதமாகப் பண்ணியிருப்பதாகச் சொன்னாயே?"

"இங்கே நன்றாக ஓடுகிறதே, அம்மா!" என்று அவள் கண் கலங்கியதோடு சரி, கம்ப்யூட்டரை மூடிவிட்டாள். ஒரு மாதத்து உழைப்பு. அதை அந்த அறைக்கு வெளியே ஒருவரும் பார்க்கவில்லை.

அவள் வேலையில் ஒரு குற்றமும் கிடையாது. அவள் அனுப்பியது வீட்டின் கதவை மட்டும்! தூணும் உத்தரமும் அவள் வீட்டிலேயே தங்கிவிட்டன.

எதெல்லாம் தங்கிவிட்டது?

பைத்தானில் எழுதிய புரோகிராம் தானாக ஓடாது. அதை வாசித்து நடத்திக் கொடுக்கும் பைத்தான் கருவி அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கவேண்டும். படம் காட்டவும் ஒலி எழுப்பவும் அவள் பைகேம் என்ற துணைத் தொகுப்பை உபயோகித்திருந்தாள்; அதுவும் வேண்டும். பாடம் படித்த காலத்தில் இரண்டையும் தன் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டவள், பிறகு அவை இருப்பதையே மறந்துபோனாள். நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதை நாம் நினைத்துப் பார்க்கிறோமா என்ன?

வேறு மொழிகளில் எழுதினாலும் இதே கதைதான். சி பிளஸ் பிளஸ் மொழியில் செய்த விளையாட்டை அனுப்பினால், "இன்ன டி.எல்.எல். கோப்பைக் காணோம்" என்று எதிர் வீட்டுக் கம்ப்யூட்டர் முறையிடும். டி.எல்.எல். என்பது பல புரோகிராம்கள் பொதுவாக உபயோகிக்கும் துணைக் கோப்பு. செய்தவர் கம்ப்யூட்டரில் அது எப்போதோ வந்து உட்கார்ந்திருக்கும்; மற்றவரிடம் இருக்கும் என்பது என்ன நிச்சயம்?

அடுத்தது படங்களும் பாட்டியின் குரலும். புரோகிராமுக்குள் அவள் எழுதியிருந்தது, தன் கம்ப்யூட்டரில் அவை இருக்கும் முழு விலாசம். சமையல் குறிப்பு எழுதும்போது, "எங்கள் வீட்டு மேல் அலமாரியில் இரண்டாவது தட்டில் உள்ள டப்பாவை எடுக்கவும்" என்று எழுதினால் எப்படி இருக்கும்? பெங்களூரில் அந்த அலமாரி ஏது? "இந்தக் குறிப்போடு வரும் பொட்டலத்தில் பார்க்கவும்" என்றல்லவா எழுதவேண்டும்!

இன்னொரு வேடிக்கை. விண்டோஸ் கம்ப்யூட்டர், கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகவே பாவிக்கும். லினக்ஸ் அப்படியல்ல. பெயரின் முதல் எழுத்து ஓரிடத்தில் பெரிதாகவும் மற்றோரிடத்தில் சின்னதாகவும் இருந்தால், "அப்படி ஒருவரும் இங்கே இல்லை" என்று கைவிரித்துவிடும்.

அடுப்பங்கரை மேஜையில் பிறந்த வியாபாரம்

வீட்டில் செய்த விளையாட்டைப் பொட்டலம் கட்டி அனுப்புவது புதிய சமாசாரமும் அல்ல. ஆண்கள் சமாசாரமும் அல்ல. அமெரிக்காவில் ராபர்ட்டா வில்லியம்ஸ் என்ற பெண்மணி, இரண்டு சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அடுப்பங்கரை மேஜையில் உட்கார்ந்து ஒரு மர்மக் கதை விளையாட்டை யோசித்தார். படங்களும் அவரே வரைந்தார். கணவர் கென் புரோகிராம் எழுதினார். 1980-ல் 'மிஸ்டரி ஹவுஸ்' என்ற பெயரில் அதை விற்றார்கள். எப்படி? ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் ஒரு ஃபிளாப்பித் தட்டு, விளையாடும் முறை எழுதிய ஒரு தாள். அவ்வளவுதான்! விலை 24 டாலர் 95 சென்ட். பிற்காலத்தில் சியரா ஆன்லைன் என்று பேர்பெற்ற பெரிய கம்பெனி அந்தப் பையிலிருந்துதான் பிறந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில், டெக்ஸஸ் மாகாணத்தில் ரிச்சர்ட் கேரியட் என்ற பையன் தான் செய்த 'அகலபெத்' விளையாட்டை இதேபோல் பைகளில் போட்டு ஒரு கம்ப்யூட்டர் கடையில் தொங்கவிட்டான். மேலட்டைச் சித்திரம் யார் வரைந்தது? அவனுடைய அம்மா!

அவர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அந்த விளையாட்டுகளெல்லாம் ஆப்பிள் டூ என்ற ஒரே ரகக் கம்ப்யூட்டருக்காகச் செய்தவை. ஒருவர் வீட்டில் ஓடியது அநேகமாக இன்னொருவர் வீட்டிலும் ஓடும். இன்றைக்கோ வீட்டுக்கு வீடு ஒரு கம்ப்யூட்டர், ஆளுக்கு ஆள் ஒரு போன். அதனால்தான் பொட்டலம் கட்டுவதே ஒரு தனி வேலையாகிவிட்டது.

கட்டும் முறை

முதலாவது, விளையாட்டுக்கென்று தனியாக ஒரு ஃபோல்டர். புரோகிராம், படம், ஒலி, எழுத்துரு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கட்டும். புரோகிராம் எதைத் தேடினாலும் அந்த ஃபோல்டருக்குள்ளேயே தேடும்படி எழுதவேண்டும்.

இரண்டாவது, துணைக் கருவிகளைக் கூடவே சேர்ப்பது. பைத்தான்காரர்களுக்குப் பைஇன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அது பைத்தானையும் துணைத் தொகுப்புகளையும் புரோகிராமோடு ஒன்றாகக் கட்டிக்கொடுக்கும். ஆனால் படத்தையும் ஒலியையும் நாமாகச் சொன்னால்தான் எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் கட்டியது விண்டோஸுக்கு மட்டுமே. லினக்ஸுக்கு வேண்டுமானால் லினக்ஸில் உட்கார்ந்து கட்டவேண்டும். சி பிளஸ் பிளஸ்காரர்களுக்கு வேண்டிய துணைக் கோப்புகளை மைக்ரோசாஃப்ட் கம்பெனியே இலவசமாக வழங்குகிறது. கோடோ என்ற இலவச விளையாட்டு எஞ்சினில் செய்தால், ஒவ்வொரு ரகக் கம்ப்யூட்டருக்கும் தனித்தனியாகக் கட்டிக்கொள்ள அதிலேயே வழி உண்டு.

மூன்றாவது, ஒரு குறிப்புத் தாள். இதில்தான் குழந்தைகள் சோம்பேறித்தனம் பண்ணுவார்கள், விடாதீர்கள்! எந்தக் கம்ப்யூட்டருக்கு, எதைத் தட்டினால் திறக்கும், எப்படி விளையாடுவது, யார் செய்தது, எத்தனையாவது பதிப்பு என்று எழுதவேண்டும். முதல் வரி இப்படி இருக்கட்டும்: "முதலில் பொட்டலத்தைப் பிரித்துக்கொள்ளவும்." சிரிக்காதீர்கள். எல்லாவற்றையும் ஜிப் என்ற ஒரே பொட்டலமாக்கி அனுப்பும்போது, பலர் அதைப் பிரிக்காமலே உள்ளே எட்டிப் பார்த்து விளையாட்டைத் தட்டுகிறார்கள். அப்போது புரோகிராம் மட்டும் வெளியே வரும்; படமும் பாட்டியும் பொட்டலத்துக்குள்ளேயே இருப்பார்கள்!

நான்காவது, உரிமை. சினிமாப் பாட்டு நன்றாக இருக்கிறதே என்று விளையாட்டில் சேர்த்து ஊருக்கெல்லாம் கொடுக்கக் கூடாது. அது அடுத்தவர் சொத்து. அம்மா முணுமுணுக்கும் சொந்த மெட்டு, கோயில் மணி, தாயக்கட்டை உருளும் சத்தம் இவையெல்லாம் போனிலேயே பதிவாகும். யாரையும் கேட்கவும் வேண்டாம்.

தமிழுக்கென்று ஒரு சாமான்

நம் குழந்தைகள் தமிழில் விளையாட்டுச் செய்தால் கூடுதலாக ஒரு சாமான் வேண்டும். எழுத்துரு. அது இல்லாத இடத்தில் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். சில எழுத்துருக்கள் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரோடு வருபவை; அவற்றை எடுத்து நாம் விநியோகிக்க அனுமதி கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை யாரும் தம் புரோகிராமோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்ற அனுமதியோடு வெளியானவை. அந்த அனுமதிப் பத்திரத்தின் நகலையும் பொட்டலத்தில் போட்டுவிட வேண்டும்.

அதோடு முடியவில்லை. 'பொ' என்ற எழுத்தைப் பாருங்கள். கொம்பு முன்னால், கால் பின்னால். கம்ப்யூட்டரோ முதலில் 'ப', பிறகு அடையாளம் என்றுதான் சேமித்து வைக்கும். அடையாளத்தை உரிய இடத்தில் கோத்துக் கொடுக்கும் ஏற்பாடு விளையாட்டுக்குள் இல்லாவிட்டால், கொம்பு போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் எழுத்தே அலங்கோலமாகிவிடும். ஆகையால் அனுப்புமுன் 'கொ, போ, கௌ' என்று நாலு எழுத்தை எழுதிச் சரிபார்ப்பது நல்லது.

'தமிழர் வீட்டு விஷயத்தை யார் விளையாடப் போகிறார்கள்?' என்று தயங்கவேண்டாம். கனடாவில் டொரண்டோ நகரத்து விசை கேம்ஸ் என்ற சிறிய குழுவினர் 2023 ஜூலை 31-ஆம் தேதி 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். 1980-களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. வெண்பா என்ற தாயார் தன் அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகத்தைக் கடல் கடந்து கொண்டுபோயிருக்கிறாள். ஆனால் அது கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன வரிகளை ஊகித்து இட்டலியும் புட்டும் செய்வதுதான் விளையாட்டு! 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில், புதியவர்கள் செய்த முதல் விளையாட்டுக்கான பரிசு அதற்குக் கிடைத்தது.

அந்தக் கதையின் வேதனையும் நாம் பேசிக்கொண்டிருக்கும் விஷயந்தான். பாத்திரம் போய்ச் சேர்ந்தது, அரிசி கிடைத்தது. எப்படிச் செய்வதென்ற நாலு வரி வழியில் தொலைந்துவிட்டது. நாலு வரி இல்லாமல் ஒரு குடும்பத்தின் சாப்பாடே பிள்ளைக்கு அந்நியமாகிவிடுகிறது.

கொடுத்தனுப்புவது எப்படி?

கட்டிய பொட்டலத்தை எப்படிச் சேர்ப்பது? ஜிமெயிலில் இ.எக்ஸ்.இ. என்று முடியும் கோப்பை அனுப்ப விடமாட்டார்கள். ஜிப்புக்குள் வைத்தாலும் கண்டுபிடித்துத் தடுத்துவிடுவார்கள். கெட்ட புரோகிராம்கள் அந்த வேஷத்தில்தான் வருகின்றன என்பதால் இந்த ஜாக்கிரதை. வீட்டு விளையாட்டுகளை வைப்பதற்கென்றே இட்ச் ஐ.ஓ. என்ற தளம் 2013 முதல் இருக்கிறது. பொட்டலத்தை அங்கே ஏற்றி, இலவசம் என்றோ, இன்ன விலை என்றோ நாமே போட்டுக்கொள்ளலாம். ஸ்டீம் என்ற பெரிய கடையில் வைக்க ஒரு விளையாட்டுக்கு 100 டாலர் கட்டணம். முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

முன்பின் தெரியாத புரோகிராமைத் திறந்தால் விண்டோஸ் எச்சரிக்கை விடும். உடனே, "வைரஸ் காவலை அணைத்துவிட்டு விளையாடுங்கள்" என்று குறிப்புத் தாளில் எழுதுகிற குழந்தைகள் உண்டு. அது தப்பு. வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டு வா என்று யாரையும் அழைக்கக் கூடாது. இது பெரிய தொல்லையாக இருந்தால், கம்ப்யூட்டரில் எதையும் ஏற்றாமல் பிரவுசரிலேயே விளையாடும்படி செய்து தளத்தில் வைக்கலாம். போன் வைத்திருக்கும் பாட்டிகளுக்கும் அதுதான் சௌகரியம்.

அம்மாவின் பங்கு

"இத்தனை சாமான்களைச் சொன்னீர்களே, கம்ப்யூட்டர் தெரியாத நான் இதில் என்ன செய்ய முடியும்?" என்று கேட்பீர்கள். சகோதரிகளே, தெரியாதவர்தான் தேவை! அனுப்புமுன் பொட்டலத்தை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கவேண்டும். அந்த விளையாட்டைச் செய்த கருவிகள் எதுவும் அதில் இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரானாலும் சரி, அப்பாவின் ஆபீஸ் லேப்டாப்பை மட்டும் தொடவேண்டாம்! அதன் முன்னால் நீங்கள் உட்காருங்கள். மகள் பக்கத்தில் வாயைத் திறக்காமல் நிற்கவேண்டும். குறிப்புத் தாளை மட்டும் படித்து நீங்கள் விளையாட முடிந்தால், அது டில்லியிலும் ஓடும், டொரண்டோவிலும் ஓடும். எங்கே நீங்கள் விழிக்கிறீர்களோ, அங்கே ஒரு வரி குறைகிறதென்று அர்த்தம்.

நான் சொன்ன பெண் வீட்டில் பிறகு அப்படித்தான் செய்தார்கள். அம்மா இரண்டே நிமிஷத்தில் கண்டுபிடித்தாள்: "ஏண்டி, குழியில் எத்தனை சோழி சேர்ந்தால் பசு? அதை எங்கேயும் எழுதவில்லையே!" பாட்டியின் ஆட்டத்தில் ஒரு குழியில் நாலு சேர்ந்தால் பசு, அந்தக் குழிக்குரியவள் எடுத்துக்கொள்வாள். பெண்ணுக்கு அது பிறந்ததிலிருந்து தெரியும். ஆகவே அதுவும் எழுதவேண்டிய சாமான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

கடைசியில் பாட்டியை உட்காரவைத்து எல்லா விதிகளையும் கேட்டு எழுதினாள். ஊருக்கு ஊர் பல்லாங்குழி வேறுபடும். குழிக்கு ஐந்து போட்டு ஆடுகிறவர்களும் உண்டு, ஆறு போட்டு ஆடுகிறவர்களும் உண்டு. பாட்டி சொல்லச் சொல்ல ஒன்றரைப் பக்கம் வந்ததாம். பாட்டியின் ஆட்டம் காகிதத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை.

மரப் பல்லாங்குழியோடு சோழி வராவிட்டால் நாம் கவலைப்படுவதில்லை. புளியங்கொட்டை எந்த வீட்டில் இல்லை? கம்ப்யூட்டரில் அந்தச் சமாளிப்பு நடக்காது. பாட்டி இல்லாத வீட்டில் விதிக்கும் அந்தச் சமாளிப்பு நடக்காது. ஆகவே இந்த விடுமுறையில் உங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு பிறந்தால், 'படிக்கிற வேலையைப் பார்' என்று சொல்வதற்கு முன், "பொட்டலத்தில் எல்லாம் போட்டாயா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பட்சணம் கட்டிக் கொடுத்துப் பழகிய கைக்கு இது தெரியாததா என்ன?